வயிற்றுத் தீயும் மருந்தும்

தமிழ் மருத்துவ நூல்களை ஓரளவேனும் புரட்டிப் பார்த்தவர்க்குக் 'குன்மம்' என்னும் சொல் புதியதன்று. வயிற்றை வாட்டி வருத்தும் நோய்கள் பலவற்றையும் அச்சொல்லுள் அடக்கி, அவற்றை எண்வகையாகப் பகுத்தனர் சித்த மருத்துவர். உண்ட உணவைப் பக்குவஞ் செய்வது வயிற்றகத்துள்ளதொரு தீ என்பதும், அத்தீ மிகினும் குறையினும் நோயாம் என்பதும் பண்டையோர் கொள்கை. இத்தகைய சொற்களுக்கு வகுப்பிற் பொருள் எழுதி மதிப்பெண் பெற்று வந்த யாம், அவை உயிருள்ள ஒரு மனிதரின் துன்பத்தைக் குறிப்பன என்பதைச் சென்ற ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறை வரையில் எண்ணிப் பார்த்ததில்லை.

எம் தந்தையார் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியர். நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே எழும் ஓர் எரிச்சல் அவருக்குப் பல்லாண்டுத் துணை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒரு குவளைப் பாலோ, நீரிற் கரைத்த ஒரு சிட்டிகைச் சமையற் சோடாவோ அருந்திவிட்டு மீண்டும் படுப்பார். எரிச்சல் தணியும், மறுநாள் இரவு மீண்டும் வரும். பின்னர்க் கடையில் வாங்கும் 'கேஸ் மாத்திரை' சோடாவின் இடத்தைப் பிடித்தது. அதனோடு முழங்கால் வலிக்கென மற்றொரு மாத்திரையுஞ் சேர்ந்தது. டிசம்பர் 23ஆம் நாட் காலையில் அவர் குளியலறை வாயிலில் மயங்கி விழுந்தார். மூன்று நாட்களாக மலம் தார்போற் கருத்துப் போயிற்று என்பதை நாணத்தால் எவரிடமுங் கூறாதிருந்தார். மருத்துவமனையில் என்டாஸ்கோப்பிக் குழாயை வாய்வழியே செலுத்திப் பார்த்தபோது, இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் நாணயம்போல் வட்டமானதொரு புண்ணும், அதனடியில் குருதி கசியும் ஒரு நாளமுங் காணப்பட்டன. குழாய்வழியே கசிவை அடைத்தனர்; மூன்று பைக் குருதி ஏற்றினர். திருநாளை யாங்கள் மருத்துவமனையிலேயே கழித்தோம்.

"இத்தனை ஆண்டு மருந்துண்டும் புண் ஏன் ஆறவில்லை? அம்மருந்தெல்லாம் பொய்யா?" என்று மருத்துவரை வினவினோம். "மருந்து பொய்யன்று தம்பி, அது செய்யும் வேலை எது, செய்யாத வேலை எது என்று உங்கள் அப்பாவுக்கு எவருஞ் சொல்லவில்லை" என்றார் அவர். அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்து. தொல்காப்பியம் படிப்பார்க்கு இரைப்பை எற்றுக்கு என அறிவியற் பிரிவு நண்பர்கள் நகைத்தல் கூடும். நகைக்கட்டும், வேதியியல் நண்பரொருவர் கையெழுத்துப் படியைப் பார்த்துப் பிழை களைந்து தந்தார் என்பதை மட்டும் முன்னரே கூறிவைக்கின்றோம்.

வயிற்றிலுள்ள தீ யாது? அதனை மனிதன் கண்ணாற் கண்டது ஒரு விபத்தின் பயனாக. 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அமெரிக்காவின் பேரேரிகளுக்கு நடுவேயுள்ள மாக்கினாக் தீவில், தோல் வாணிகக் குழுவொன்றின் கடையில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞன்மீது துப்பாக்கியொன்று தவறி வெடித்தது. குண்டு விலாவைச் சிதைத்து இரைப்பையைத் துளைத்தது. படை மருத்துவர் வில்லியம் போமான்ட் அவன் பிழையான் என்றே கருதினார். ஆயினும் அவன் பிழைத்தான். புண் ஆறிற்று, துளை மட்டும் மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு தோலோடு ஒட்டி வளர்ந்து, உள்ளே எட்டிப் பார்க்கத்தக்க ஒரு சாளரம் போலாயிற்று.

1825 முதற்கொண்டு போமான்ட் அச்சாளரத்தின் வாயிலாகச் சோதனை செய்யத் தொடங்கினார். இறைச்சித் துண்டு, ரொட்டி, கோசுக்கீரை முதலியவற்றைப் பட்டு நூலிற் கட்டி உள்ளே இறக்கி, மணிக்கொரு முறை இழுத்துப் பார்த்தார். உள்ளிருந்து எடுத்த நீரைக் குப்பியில் ஊற்றி, உடற்சூட்டிலேயே வைத்து, அதில் இறைச்சியை இட்டார். குப்பிக்குள்ளும் அது கரைந்தது. ஆகவே உணவைக் கரைப்பது ஏதோ மறைவான உயிராற்றலன்று, ஒரு நீர் என்பது தெளிவாயிற்று. அந்நீரிலுள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை இலண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட் 1824இல் வெளியிட்டிருந்தார். போமான்ட்டின் நூல் 1833இல் வெளிவந்தது. சோதனைக்குட்பட்டவனோ சோதித்தவரினும் நெடுநாள் வாழ்ந்தான். போமான்ட் 1853இல் இறந்தார், செயின்ட் மார்ட்டின் 1880இல் இறந்தான். மருத்துவர்கள் உடலைக் கேட்டு வருவார்கள் என அஞ்சிய குடும்பத்தார், அது கெடும்வரை வைத்திருந்தே புதைத்தனராம். அவனது மனம் அந்த ஆய்வுகளில் எத்துணை நொந்திருக்கும் என்பதை எந்நூலும் எமக்குச் சொல்லவில்லை.

அமிலத்தின் வலிமை சிறிதன்று. நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரையில் இரைப்பை நீர் சுரக்கின்றது. சுரக்குமிடத்தில் அமிலத்தின் செறிவு குருதியிலுள்ளதைப்போற் பத்து இலட்சம் மடங்கிற்கும் மேற்பட்டது. புலாலையும் பருப்பையும் பிளக்கும் பெப்சின் என்னும் நொதிப்பொருள் தொழிற்படுவதற்கு இவ்வமிலம் வேண்டும். உணவோடு புகும் கிருமிகளிற் பெரும்பாலனவற்றைக் கொல்வதும் இதுவே. இரும்புச் சத்து உடலிற் சேர்வதற்குந் துணை புரிவது. எனவே அமிலத்தைப் பகையென்று கருதுதல் தவறு. இறைச்சியைக் கரைக்கும் இந்நீர், இறைச்சியேயாகிய இரைப்பையைக் கரையாதது எங்ஙனம் என்பதே வியப்பு. இரைப்பையின் உட்புறம் வழுவழுப்பானதொரு கோழைப் படலம் போர்த்துள்ளது. அப்படலத்தினுள் காரம் ஊறிக்கொண்டிருக்கின்றது. மேலிருந்து இறங்கும் அமிலம் அதிற்பட்டு அடங்கிவிடும். அதன்கீழுள்ள உயிரணுக்களுஞ் சில நாட்களுக்கொரு முறை புதியனவாய் மாறுகின்றன. போர்வை கிழிந்து, அமிலமும் பெப்சினும் சதையைத் தொட்டுக் குழி பறித்தால் அதுவே புண்.

போர்வையைக் கிழிப்பது யாது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. விளங்காத காலத்தில் அமிலத்தின்மீதே பழி முழுவதும் விழுந்தது. அமிலமில்லையேற் புண்ணில்லை என்னும் கருத்தை 1910இல் குரோவேசிய நாட்டு மருத்துவர் கார்ல் ஷ்வார்ட்ஸ் வெளியிட்டார். 1915இல் அமெரிக்க மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி, மணிக்கொரு முறை பாலும் பாலேடும், இடையிடையே காரத்தூளுங் கொடுக்கும் முறையை வகுத்தார். நோயாளிகள் வாரக்கணக்கிற் படுத்தபடியே பால் குடித்தனர். காரமும் பாலும் மிக்க சிலர்க்குச் சிறுநீரகங் கெட்டது. இவ்வளவிலும் ஆறாதவர்க்குக் கத்தியே கதி. இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எறிவர். அன்றி இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்துப் புதுவழி திறப்பர். 1943 முதல், சிகாகோ நகரத்து டிராக்ஸ்டெட் காட்டியவாறு, அமிலத்தைத் தூண்டும் நரம்பை அறுத்தலும் வழக்கமாயிற்று.

இவ்வகை அறுவைக்கு நம் நாட்டிலேயே பெயர்பெற்ற ஓரிடம் இருந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அக்காலத்துத் திருவிதாங்கூர் நாட்டிலும் அடங்கிய நெய்யூரே அது. ஹோவர்ட் சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1922இல் எவரெஸ்ட் மலை ஏறும் குழுவில் வந்தவர். மலையினின்று மீண்டபின் நாட்டைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குச் சென்றார். நோயாளிகளின் திரளையும் அவர்களுக்கு உதவப் போதிய கைகள் இல்லாமையையுங் கண்டு, இலண்டனிற் காத்திருந்த வாழ்வை விட்டு அங்கேயே தங்கினார். இடையில் 1924இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறி ஏறத்தாழ 28,000 அடி வரை சென்றதும் உண்டு. முன்சிறுகுடற் புண் அந்நாட்டில் மிகுதியாயிருந்தது. அவர் செய்த அறுவைகளில் அப்புண்ணுக்காகச் செய்தவை மிகப் பல. பின்னர் வேலூரிலும் அவர் பணியாற்றினார். ஒரு மாத்திரையால் ஆறத்தக்க புண்ணுக்கு அன்று வயிற்றையே திறக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணுங்கால், மருந்தின் அருமை புலனாம்.

இனி மருந்துகளைக் காண்பாம். முதல்வகை, சுரந்துவிட்ட அமிலத்தைக் காரத்தால் அடக்குவது. எம் தந்தையாரின் சமையற் சோடா இவ்வகை. சோடா அமிலத்தோடு சேர்ந்தவுடன் உப்பும் நீரும் கரியமில வாயுவுமாக மாறும். அவ்வாயுவே ஏப்பமாய் எழுவது. ஏப்பம் வந்ததும் 'வாயு நீங்கிற்று' என்று மக்கள் மகிழ்வர். அவ்வாயுவைப் பிறப்பித்ததே சோடா என்பதை அறியார்! சோடாவிலுள்ள உப்புச்சத்துக் குருதி அழுத்தமுடையார்க்குத் தீங்கு செய்வது. கடைகளில் வெண்பாலாக விற்கும் மருந்துகளில் மக்னீசியமும் அலுமினியமுமாகிய காரங்கள் கலந்திருக்கும். முன்னது வயிற்றை இளக்கும், பின்னது கட்டும். ஒன்றன் குற்றத்தை மற்றொன்று ஈடுசெய்யவே இரண்டையுங் கூட்டினர். இம்மருந்துகளின் ஆற்றல் வெறுவயிற்றில் அரைமணி நேரமே நிற்கும். உணவின்பின் உண்டால் மூன்று மணி வரை நீளும். நாளொன்றுக்கு ஏழு முறை பெருமளவில் உட்கொண்டாற் புண்ணை ஆற்றவும் வல்லன என்று 1977இல் அமெரிக்காவில் ஆய்ந்து கண்டனர். ஆயினும் அத்தனை மருந்தையும் விழுங்கி, அதனாலாகும் பேதியையும் பொறுப்பவர் யாவர்? பாலின் செய்தியும் இத்தகையதே. முதலில் தணிக்கும், பின்னர்ப் பாலிலுள்ள புரதமும் சுண்ணமும் அமிலத்தை மேலுந் தூண்டும். இரவு இரண்டு மணிப் பால் நான்கு மணி எரிச்சலை அழைத்து வந்தது போலும்.

சுரந்த அமிலத்தை அடக்குவதினும், சுரவாமற் செய்தல் மேலன்றோ? அதற்கு அமிலம் சுரக்கும் முறையை அறிதல் வேண்டும். இரைப்பைச் சுவரில் அமிலத்திற்கென்றே தனி உயிரணுக்கள் உள்ளன. அவற்றின் எண்ணிக்கை நூறு கோடியளவினது. ஒவ்வோர் அணுவின் உள்ளும் அமிலத்தை இறைத்து வெளியேற்றும் நுண்ணிய பொறிகள் பலப்பல. நம் ஊர்க் கிணற்றில் முன்னாளில் நீர் இறைத்த ஏற்றத்தை உவமையாகக் கொள்வாம். ஏற்றம் தானே இறையாது. இறைப்போனைக் கூவி ஏவ வேண்டும். அமில அணுவை ஏவும் குரல்கள் மூன்று. உணவைக் கண்டபோதும் எண்ணியபோதும் மூளையினின்று நரம்புவழி வருவது ஒன்று. இதனை ருஷிய அறிஞர் பாவ்லவ் நாய்களைக் கொண்டு ஆராய்ந்தார். உணவு இரைப்பையை எட்டியதும் குருதியிற் கலந்து வருங் காஸ்ட்ரின் என்பது மற்றொன்று. மூன்றாவது, அமில அணுவின் அருகிலேயே பிறக்கும் ஹிஸ்டமின். இது அமிலத்தைப் பெருக்கும் என்பதைப் போலந்து அறிஞர் பொபியெல்ஸ்கி 1920இல் வெளியிட்டார். காஸ்ட்ரினுந் தன் வேலையிற் பெரும்பகுதியை ஹிஸ்டமினைக் கொண்டே முடித்துக்கொள்கின்றது. ஆகவே ஹிஸ்டமினின் வாயை அடைத்தால் ஏற்றம் பெரிதும் ஓயும்.

ஆனால் ஓர் இடர் நேர்ந்தது. தடிப்புக்கும் அரிப்புக்கும் ஆம் ஹிஸ்டமின் எதிர்மருந்துகள் 1940களிலேயே வந்துவிட்டன. அவை அரிப்பைத் தணித்தன, வயிற்று அமிலத்தைச் சிறிதும் தொடவில்லை. ஸ்காட்லாந்து நாட்டவராகிய ஜேம்ஸ் பிளாக் இதனின்று ஒரு முடிபு கொண்டார். ஹிஸ்டமின் என்னும் திறவுகோல் புகும் பூட்டு உடலில் ஒருவகையன்று, இருவகை. தோலிலுள்ளது வேறு, இரைப்பையிலுள்ளது வேறு. இரண்டாம் பூட்டிற் பொருந்தி அதனைத் திறவாமல் அடைத்து நிற்கும் ஒரு போலித் திறவுகோலைத் தேடி, 1964 முதல் இங்கிலாந்தில் வெல்வின் என்னும் ஊரிலுள்ள மருந்து நிலையத்தில் அவரும் வேதியியல் வல்லுநர் கனெல்லின் முதலாயினாரும் முயன்றனர். ஹிஸ்டமினின் வடிவத்தையே சிறிது சிறிதாக மாற்றி நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்து பார்த்தனர். ஆண்டுகள் பல வீணாயின. 1972இல் வெளியிட்ட ஒன்று வாய்வழி உண்ணப் பயன்படவில்லை. அடுத்தது பயன்பட்டது, ஆயின் சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைத்தது. அதில் ஒரு சிறு பகுதியை மாற்றி அமைத்த மூன்றாவதே சிமெட்டிடின். அது 1976இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. புண்ணுக்காகச் செய்யும் அறுவைகள் விரைவிற் குறைந்தன. 1988இல் பிளாக் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவரானார். இவ்வினத்தைச் சேர்ந்த ரானிடிடின் நம் நாட்டிலும் வீடுதோறும் புகுந்தது. அதிற் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியதொரு மாசு உண்டாதல் கண்டு, 2020இல் அமெரிக்க அரசு அதனை விற்பனையினின்று நீக்கச் செய்தது. 2022இல் நம் நாட்டு இன்றியமையா மருந்துப் பட்டியலினின்றும் அது விலக்கப்பட்டது. அவ்வினத்திலேயே ஃபமோட்டிடின் இன்றும் வழங்குகின்றது.

ஏவுங் குரல் மூன்றில் ஒன்றை அடைத்தால் மற்றை இரண்டும் ஓரளவு கூவிக்கொண்டே இருக்கும். ஏற்றத்தையே பூட்டிவிட்டால்? சுவீடன் நாட்டில் ஆஸ்ட்ரா என்னும் மருந்து நிறுவனத்தார் கண்டு 1988இல் வெளியிட்ட ஓமெப்ரசோல் அவ்வேலையைச் செய்வது. பான்டோபிரசோல், ரேபிப்ரசோல் என இன்று மருந்துக்கடைகளிற் காண்பன அதன் தம்பிமார். இம்மருந்தின் நடத்தை வியக்கத்தக்கது. உட்கொண்டவுடன் அது ஒன்றுஞ் செய்யாத பொருள். இரைப்பையின் வெளியமிலத்திற் பட்டால் வீணாகிவிடும். ஆதலால் அமிலத்திற் கரையாத உறையிட்டுச் சிறுகுடலுக்கு அனுப்புகின்றனர். அங்கிருந்து குருதியிற் சேர்ந்து, சுற்றி வந்து, அமில அணுவின் உட்கால்வாயை அடைகின்றது. அங்குள்ள கடும் அமிலமே அதனை உருமாற்றுகின்றது. உருமாறியதும் ஏற்றத்தோடு பிணைந்து அதனை இயங்கவொட்டாமல் நிறுத்துகின்றது. அமிலம் தன்னை அடக்கும் மருந்தைத் தானே கூர் தீட்டிக் கொடுக்கின்றது எனலாம்.

இயங்கும் ஏற்றத்தையே இம்மருந்து பிடிக்கும். உறங்கும் ஏற்றத்தை அது அறியாது. உணவே ஏற்றங்களை எழுப்புவது. எனவே உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி முன்னர் உண்டால், ஏற்றங்கள் எழும் வேளையில் மருந்து குருதியிற் காத்திருக்கும். எம் தந்தையாரோ இரவில் எரிச்சல் எழுந்தபின், வெறுவயிற்றில், ஏதும் உண்ணாது அம்மாத்திரையை விழுங்கிவந்தார். மருந்து குருதியில் தங்குவது சில மணி நேரமே. ஏற்றங்கள் உறங்கிக் கிடக்க, வந்த மருந்து வறிதே திரும்பிற்று. மற்றும், முதல் நாள் எல்லா ஏற்றமும் எழா. நாடோறும் உண்டுவர மூன்று நான்கு நாட்களிலேயே முழுப்பயன் விளங்கும். வலித்தபோது ஒன்று, வலியாதபோது இல்லை என்று உண்பார்க்கு இது உரிய மருந்தன்று. முறையாக உண்டால், நான்கு வாரத்தில் முன்சிறுகுடற் புண்கள் பத்தில் ஒன்பது ஆறும். இரைப்பைப் புண்ணுக்கு எட்டு வாரமும் வேண்டும். குருதிக் கசிவிலும் இது உதவும். அமிலமும் பெப்சினும் குருதியை உறையவிடா, உறைந்த கட்டியையுங் கரைக்கும்; அமிலம் ஒடுங்கினாற் கட்டி நிலைக்கும். எம் தந்தையார்க்கு மூன்று நாள் இம்மருந்தை நாளவழியே ஏற்றியது இதற்காகவே. ஏற்றத்தை வேறு வகையில், உடனே பிடித்து நிறுத்தும் வோனோப்ரசான் என்பது 2014இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்றது. அதனை விரிப்பின் இக்கட்டுரை நீளும்.

இங்கே ஒன்று நோக்குக. மேற்கூறிய மருந்துகளுள் எதுவும் புண்ணை ஆற்றுவதில்லை. அமிலத்தை விலக்கி நிறுத்துகின்றன, ஆற்றுவது உடலே. அமிலம் விலகியிருக்கும் வரையிற் சதை வளர்ந்து மூடும். மருந்தை நிறுத்தினால்? சிமெட்டிடின் காலத்திலேயே இதற்கு விடை தெரிந்துவிட்டது. ஆறிய முன்சிறுகுடற் புண் மருந்தை நிறுத்திய ஓராண்டிற்குள் பாதிக்கு மேற்பட்டோர்க்குத் திரும்ப வந்தது. போர்வையைக் கிழித்த கை இன்னும் உள்ளேயே இருந்தது என்பதே பொருள்.

அக்கையைக் கண்டவர் ஆஸ்திரேலியாவின் மேல்கரையிலுள்ள பெர்த் நகர மருத்துவர் இருவர். ராபின் வாரன் என்னும் நோய்க்குறி ஆய்வாளர் 1979இல், அழன்ற இரைப்பைச் சதைத் துணுக்கினை நுண்ணோக்கியில் நோக்குங்கால், வளைந்த சிறு கிருமிகள் மொய்த்திருக்கக் கண்டார். அமிலத்தில் எக்கிருமியும் வாழாது என்பது அன்றைய உறுதியான கொள்கையாதலின் எவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. பாரி மார்ஷல் என்னும் இளைய மருத்துவர் அவரோடு 1981இற் சேர்ந்தார். கிருமியை வளர்க்க முயன்றனர். இரண்டு நாள் பார்த்து, ஒன்றும் முளையாத தட்டுகளை எறிந்துவந்தனர். 1982இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட, ஒரு தட்டு எறியப்படாமல் ஐந்தாறு நாள் சூட்டுப்பெட்டியிலேயே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் கிருமிகள் முளைத்திருந்தன! அவை மெல்ல வளரும் இயல்பின. அதுவரை காத்திருந்தாரில்லை, அவ்வளவே.

வளர்ந்த கிருமி நோய்க்குக் காரணமா, நோயுற்ற இடத்திற் குடிபுகுந்த விருந்தா என்று உலகம் வினவிற்று. 1984இல் மார்ஷல், தம் இரைப்பை நலமாயிருப்பதைக் குழாய்வழியே சோதித்துக்கொண்டபின், கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாளிற் குமட்டலும் வாந்தியுங் கண்டன. பத்தாம் நாளளவில் எடுத்த சதைத் துணுக்கில் அழற்சியும் கிருமியும் இருந்தன. அவருக்குப் புண் உண்டாகவில்லை என்பதையும் உடன்கூறல் வேண்டும்; அழற்சியே உண்டாயிற்று. ஆயினும் கிருமியை ஒழித்தவர்க்குப் புண் திரும்புவது மிக அரிது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டவே ஐயம் அகன்றது. 2005இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். ஹெலிகோபேக்டர் பைலோரி என்பது அக்கிருமியின் பெயர். யூரியாவைப் பிளந்து அம்மோனியாவை உண்டாக்கி, அக்காரத்தைத் தன்னைச் சுற்றிக் கவசமாக்கிக்கொண்டு, கோழைப் படலத்தினுள் அது வாழ்கின்றது. தான் அழிப்பது மாத்திரமன்று. காஸ்ட்ரினைப் பெருக்கி அமிலத்தையும் மிகுவிக்கின்றது. இக்கிருமியை உடையார் பலகோடி. அவருட் பெரும்பாலார்க்கு எந்நோயும் இல்லை. எனவே எல்லார்க்கும் அச்சம் வேண்டா; புண்ணுடையார்க்கு மட்டும் அதனைச் சோதித்தல் இன்றியமையாதது.

போர்வையைக் கிழிக்கும் மற்றொரு கை வலிமாத்திரை. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியன வலியை எங்ஙனம் தணிக்கின்றன என்பதை 1971இல் ஜான் வேன் விளக்கினார். புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாகாதபடி அவை தடுக்கின்றன. முழங்காலில் வலியை வளர்ப்பது அப்பொருளே. இரைப்பையிற் கோழையையும் காரத்தையும் குருதியோட்டத்தையும் காப்பதும் அப்பொருளே. மருந்து இரண்டிடத்தையும் பிரித்தறியாது. ஆதலால் ஊசிவழி ஏற்றினும் இரைப்பைக்குத் தீங்கு உண்டு. நம் நாட்டில் பலரும் பழி கூறுவது மிளகாயை. மிளகாய் எரிச்சலை மிகுவிக்கலாம். புண்ணை உண்டாக்குவது அதுவன்று. அமெரிக்காவினின்று போர்த்துக்கேசியர் வழியாக அஃது இந்நாட்டிற்கு வருமுன்னரே நம் முன்னோர் குன்மத்தை அறிந்திருந்தனர்.

எம் தந்தையாரிடம் கைகள் இரண்டும் இருந்தன. சதைத் துணுக்கிற் கிருமி காணப்பட்டது. முழங்கால் மாத்திரையோ எட்டு மாதமாக நாடோறும் ஒன்று. அவர் விழுங்கிவந்த கேஸ் மாத்திரை இவ்விரண்டையுந் தொடாமல், எரிச்சலை மட்டும் மறைத்துக் கொண்டிருந்தது. முழங்கால் மாத்திரை நிறுத்தப்பட்டது. கிருமிக்கெனப் பதினான்கு நாள் மருந்து வகுத்தனர்: டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், பிஸ்மத், இவற்றோடு அமிலத்தை ஒடுக்கும் மாத்திரையும். கிருமியைக் கொல்லும்போது அமில மருந்து எதற்கு என வினவினோம். அமிலத்திற் கிருமி பெருகாது ஒடுங்கிக் கிடக்கும். ஒடுங்கிய கிருமியைப் பல மருந்துகள் கொல்லமாட்டா. சில மருந்துகள் அமிலத்திலேயே சிதைந்தும் போகும். அமிலம் தணிந்தால் கிருமி பெருகத் தலைப்படும். அப்போது மருந்து அதனை வீழ்த்தும். பல்லாண்டு தனியே நின்று தோற்ற அதே மாத்திரை, துணையோடு நின்றபோது வெற்றிக்கு வழி செய்தது.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் தந்தையார் முகம் வெளிறி எம்மை அழைத்தார். மலம் மீண்டுங் கருத்திருந்தது. இம்முறை அவர் நாணவில்லை, உடனே கூறிவிட்டார். மருத்துவரிடம் ஓடினோம். அவர் நாடியையும் குருதியையும் சோதித்துவிட்டு, நாவை நீட்டச் சொன்னார், நாவுங் கருத்திருந்தது. பிஸ்மத்தின் இயல்பு அது, குருதியன்று என்று நகைத்தார். இதனை முன்னரே கூறியிருக்கலாகாதோ என்று அன்னையார் சினந்தது வேறு கதை.

அமில மருந்தை இரண்டு மாதத்தில் நிறுத்தினர். ஆண்டுக்கணக்கில் உண்டார்க்கு பி12 சத்தும் மக்னீசியமுங் குறைதலும் எலும்பு முறிவு சற்று மிகுதலும் கண்டுள்ளனர். ஆயினும் ஆஸ்பிரினை விடவியலாத இதய நோயாளர் போன்றார்க்கு அதனை நெடுநாள் கொடுத்தலே நலம் என்றும் மருத்துவர் கூறினார். நிறுத்திய முதற் கிழமைகளில் எரிச்சல் முன்னினும் மிகுந்தது. நெடுநாள் அடைபட்டிருந்த ஏற்றங்கள் விடுபட்டவுடன் மிகையாக இறைக்கும் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தமையால் தந்தையார் பொறுத்துக்கொண்டார். மருந்து நின்று இரண்டு வாரங் கழிந்தபின் மூச்சுச் சோதனை நடந்தது. குறியிட்ட யூரியாவைக் குடிக்கச் செய்து, மூச்சில் வருங் கரியமில வாயுவிலே அக்குறி உண்டா என நோக்குவர். உண்டேல் யூரியாவைப் பிளக்குங் கிருமி உள்ளே உளது. குறி இல்லை.

முழங்கால் வலிக்கு இப்பொழுது பாராசிட்டமாலும் காலை நடையுமே. இரவு இரண்டு மணிக்கு எங்கள் வீட்டில் விளக்கெரிந்து மாதங்கள் பலவாயின. தந்தையாரின் தலைமாட்டிலிருந்த சமையற் சோடாப் புட்டி அன்னையாரின் அடுக்களைக்கே திரும்பி, ஞாயிற்றுக்கிழமை ஆப்ப மாவிற்குப் பயன்படுகின்றது.